கொக்கி, அதன் கீழே ஒரு புள்ளி

...இறக்க வேண்டும், கடைசிச் சொல்லில் இறக்க வேண்டும், கல்பாளத்தைத் தரையில் வைக்கிற மாதிரி மெதுவாக, ஆனால் வைத்த பிறகு அசையக்கூடாது, ஸ்லிங் வாஸ் கட், ஐ டோல்ட் ஹிம், அந்த 'ஹிம்'மில்தான் இறக்க வேண்டும், அந்த 'ஹிம்' இருக்கிறதே அதுதான் சனியன், வாய்க்குள் இருக்கிறவரை சாதுவாக இருக்கிறது, உதட்டைத் தாண்டுகிற நேரத்தில் கோழி கழுத்தைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கிறது... அவன் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தபடி சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்துப் பார்த்தான். எதிரே குடிதண்ணீர் இயந்திரம், அதன் தலையில் கவிழ்த்து வைத்த பெரிய கேன், நினைத்துக்கொண்டாற்போல் அதற்குள் ஒரு குமிழி எழும்பிக் குளுக் என்றது. பக்கத்தில் கதவு. கதவின் மேல்பாதி மங்கல் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விசாரணை நடக்கிறது, தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அம்மாள் ஒருத்தி மேசைக்குப் பின்னால், அவளுக்கு எதிரே கல் யார்டின் மேலாளர், கூண்டுக்காரன். பத்து மணிக்கு உள்ளே போனான். அவன் வெளியே வந்ததும் இவன் போக வேண்டும். போய் இரண்டே வாக்கியம். பட்டை அறுந்திருந்தது, அவரிடம் சொன்னேன். அவ்வளவுதான், கூண்டுக்காரன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், மேசையிலிருக்கும் பேனா டப்பாவையும் பிள்ளைகள் போட்டோவையும் அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு யார்டு முழுக்கப் பார்த்திருக்க நடந்துபோக வேண்டியதுதான். இருபத்தாறு நாளாக அந்த நடையைத்தான் அவன் மனத்துக்குள் ஓட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறான், ஒவ்வொரு தடவையும் அந்த அட்டைப்பெட்டி இன்னும் கொஞ்சம் பெரிதாகிறது, ஒரு தடவை அடிப்பக்கம் பிய்ந்து எல்லாம் கீழே கொட்டியது, அதைப் பொறுக்க யாரும் குனியவில்லை, அவனும் குனியவில்லை.

மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா என்று காலையிலேயே அலுவலகப் பெண் வந்து கேட்டாள். "அண்ணே, உள்ள இங்கிலீஷ்லதான் கேப்பாங்க. கூட ஒருத்தர உக்கார வைக்கட்டுமா, நீங்க நம்ம பாஷையிலயே சொல்லிடலாம்." வேண்டாம்மா என்று சொல்லிவிட்டான். அவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். அவளுக்கு என்ன தெரியும். எந்த பாஷையில் தன்னைச் சிரிப்பாய்ச் சிரிக்க வைத்தானோ அந்த பாஷையில்தான் கூண்டுக்காரனைச் சாய்க்க வேண்டும், நடுவில் இன்னொருத்தன் வாய் எதற்கு, அடுத்தவன் கையால் அடித்தால் அது அடியா... கூண்டுக்காரனும் அவனும் பேசுவது ஒரே பாஷை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் டீ குடிக்கிற இடத்தில் கூண்டுக்காரன் அவன் தோளில் தட்டி, "வாய்யா, நம்ம ஆளா நீ" என்றுகூடச் சொன்னான். ஆனால் வாக்கி டாக்கியில் ஆங்கிலம் மட்டும்தான், அது யார்டின் சட்டம், நாலு நாட்டு ஆட்கள் வேலை செய்கிற இடம், எல்லாருக்கும் விளங்க வேண்டும். அந்தச் சட்டத்தை எழுதி ஒட்டியவனே கூண்டுக்காரன்தான். யார்டுக்கு நடுவில் மாடிமேல் ஒரு கண்ணாடி அறை, அதற்குள் ஏசி, அதற்குள் அவன், கையில் கருப்பு வாக்கி டாக்கி. பேர் வைத்தது யார் என்று யாருக்கும் ஞாபகமில்லை, அவன் முதுகுக்குப் பின்னால் எல்லாருக்கும் அவன் கூண்டுக்காரன்.

இவனுக்குப் பேர் வைத்தது யார் என்பது நன்றாக ஞாபகமிருக்கிறது. ஒரு நாள் காலை, "சார், லாரி கம்" என்று வாக்கி டாக்கியில் சொன்னான். லாரி வந்துவிட்டது, கண்ணுக்கு எதிரே நிற்கிறது, அதைத்தான் சொன்னான். சொன்னது மேலே போய் நின்றது, கேள்வி மாதிரி. கூண்டுக்குள்ளிருந்து பதில் வந்தது, அதே ராகத்தில், அவன் குரலைவிட அவன் குரலாக, "லாரீ கம்ம்ம்?" அப்புறம் ஒரு சிரிப்பு, அப்புறம் தமிழில், சட்டத்தை எழுதியவனே தமிழில், "கேக்குறியா சொல்றியா? லாரி வந்துச்சான்னு நான் உன்கிட்ட கேக்கணும்யா, நீ என்கிட்ட கேக்குற. சரியான கேள்விக்குறியா இருக்கியே." யார்டில் பதினாலு வாக்கி டாக்கி. பதினாலிலும் சிரிப்பு. தமிழ் தெரியாதவர்கள்கூடச் சிரித்தார்கள், சிரிப்புக்கு பாஷை வேண்டியதில்லையே. அன்றிலிருந்து அவன் கேள்விக்குறி. சாப்பாட்டு வரிசையில் கேள்விக்குறி, வருகைப் பதிவில் கையெழுத்துப் போடும்போது கேள்விக்குறி. நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டவன் அவன், அந்தக் குறியைப் புத்தகத்தில் முதன்முதலாகப் பார்த்தபோது, அட, நம்ம கிரேன் கொக்கி, கீழே ஒரு புள்ளி தொங்குகிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டவன், அந்தச் சந்தோஷத்தைக்கூட விட்டுவைக்கவில்லை பாவி... ஏன் குரல் ஏறுகிறது? ஆங்கிலத்தில் அவன் பேசிய முதல் வாக்கியமே சார் வேலை இருக்கா. அடுத்தது சார் லீவு கிடைக்குமா. அப்புறம் சார் உள்ளே வரலாமா, சார் இது போதுமா, சார் கையெழுத்து எங்கே. அந்த பாஷையில் பதினேழு வருஷமாகக் கேட்டதைத் தவிர வேறெதுவும் அவன் செய்ததில்லை, சொல்வதற்கு அந்த பாஷையில் அவனுக்கு என்ன இருந்தது, கேட்டுக் கேட்டே தேய்ந்த தொண்டை, அது பாட்டுக்குப் போய்க் கையேந்தி நிற்கிறது.

குளுக்.

அன்றைக்கும் அப்படித்தான் சொன்னான். அறுந்த பட்டை. பாளத்தைச் சுற்றிக் கட்டித் தூக்குகிற மஞ்சள் பட்டை, ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் கிழிந்து நூல் நூலாகத் தொங்கியது. பார்த்தான். கொக்கியில் மாட்டியபோதே பார்த்தான். மூன்று பாளம் சேர்த்துக் கட்டியிருந்தது, கருப்புக் கல், பளபளவென்று முகம் தெரிகிற கல், அதில் தன் முகத்தையும் பார்த்தான். அந்தப் பக்கம் மச்சினன் நின்றிருந்தான், மனைவியின் தம்பி, ஆறு மாதத்துக்கு முன்னால் இவன்தான் கூட்டிவந்து சேர்த்துவிட்டான், பாளம் சுற்றாமல் இருக்கக் கயிற்றைப் பிடிக்கிற வேலை. இவன் பொத்தானை அமுக்கிச் சொன்னான், "சார், ஸ்லிங் கட்." மேலே போய் நின்றது. கூண்டுக்குள்ளிருந்து அதே ராகம், "ஸ்லீங் கட்ட்ட்? ஆர் யூ ஆஸ்கிங் ஆர் டெல்லிங்?" பதினாலு வாக்கி டாக்கியிலும் சிரிப்பு. "லிஃப்ட், மேன், லிஃப்ட்." கூண்டுக்காரனுக்கு விளங்கவில்லை என்று எவன் சொல்வான்? விளங்கித்தான் சிரித்தான். பட்டை அறுந்திருக்கிறது என்பதை அவன் காது கேட்டது, கேட்டதை விட்டுவிட்டு அதன் வாலைப் பிடித்து விளையாடினான். பாளம் ஆளுயரம் போயிற்று. அப்புறம் ஒரு சத்தம், துணி கிழிகிற சத்தம்தான், அவ்வளவு சின்னச் சத்தம்... மச்சினனுக்கு இடது கால், முழங்காலுக்குக் கீழே இல்லை. இரண்டாம் நாளே அறிவிப்புப் பலகையில் நாலு பாஷையில் தாள் ஒட்டினார்கள். தமிழ்த் தாளை அவன் விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தான். உதவியாளரின் கவனக்குறைவு. பட்டையைத் தவறாகக் கட்டியதே காரணம். இறுதி விசாரணை பின்னர். க-வ-ன-க்-கு-றை-வு. இவ்வளவு பாடுபட்டு எழுத்து கற்றுக்கொண்டது இதைப் படிக்கத்தானா என்று இருந்தது. இன்றைக்கு அந்த அம்மாள் என்ன எழுதுகிறாளோ அதுதான் கடைசி. மச்சினன் மேல் எழுதினால் மச்சினன் மேல், ஒரு காலும் போய், தப்பும் தன்னுடையதுதான் என்று காலம் முழுக்க. கூண்டுக்காரன் மேல் எழுதினால்... அட்டைப்பெட்டி.

அவன் இல்லை, அவனுடைய மனைவிதான் இந்தக் குரல் பழக்கத்தைத் தொடங்கியது. தொலைபேசியில் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்கிற கம்பெனியில் தரை துடைக்கிற வேலை அவளுக்கு, அங்கே சின்னப் பசங்களை உட்கார வைத்துக் குரலை ஏற்றவும் இறக்கவும் சொல்லிக்கொடுப்பார்களாம், துடைப்பத்தோடு நின்று ஒரு வருஷமாகக் கேட்டிருக்கிறாள். தம்பியை ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் அடுப்படியில் அவனை நிற்க வைத்தாள். "ஏங்க, அந்த டீச்சரம்மா என்ன சொல்லும் தெரியுமா, உறுதியா ஒண்ண சொல்லணும்னா மாடிப்படி இறங்குற மாதிரி இறங்கணுமாம். கடைசிப் படியில கால வச்சிட்டு நின்னுடணுமாம். சொல்லுங்க." சொன்னான். "ஏறிட்டீங்க." சொன்னான். "திரும்ப மொட்டமாடிக்குப் போயிட்டீங்க." அவளுக்குச் சிரிப்பு வந்தது, தம்பிக்குக் கால் போன வீட்டில் சிரிப்பா என்று உடனே வாயைப் பொத்திக்கொண்டாள், அப்புறம் பொத்தின கைக்குள்ளேயே அழுதாள். அழுது முடித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், "என்கிட்ட மட்டும் எல்லாம் இறங்கித்தானே வருது. துண்டு எங்கன்னு நீங்க கேக்குறதுகூடக் கேள்வி மாதிரியா இருக்கு? போலீஸ்காரன் மாதிரி இருக்கும். அந்தக் குரல அந்த ஆளுகிட்ட எடுத்துட்டுப் போங்க." அதை அவன் மறக்கவில்லை. குளியலறையில், பஸ்ஸில், தலைக்கவசத்தை மாட்டும் அலமாரிக் கதவுக்குப் பின்னால், ஐ டோல்ட் ஹிம், துண்டு எங்கே, ஐ டோல்ட் ஹிம், துண்டு எங்கே, இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லி ஒன்றின் எடையை இன்னொன்றில் ஏற்றப் பார்த்தான். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துப் போனார். போகட்டும். இன்று காலை அவள் சட்டைக் காலரை இழுத்துவிட்டு, "என் தம்பி பேர அந்தத் தாள்லருந்து எடுத்துட்டு வாங்க, அந்த ஆளு பேர எழுதிட்டு வாங்க" என்றாள், அப்புறம், "உள்ள உக்காந்து இப்படி விரலச் சுத்திக்கிட்டு இருக்காதீங்க, பயந்தவன் மாதிரி இருக்கு" என்றாள். அப்போதுதான் பார்த்தான், வலது கைச் சுட்டுவிரல் தொடைமேல் தானாக வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. இப்போதும் போடுகிறது. நிறுத்தினான்.

கதவு சரியாகச் சாத்தவில்லை. யாரோ கோப்பு எடுத்துக்கொண்டு உள்ளே போனபோது ஒரு விரல் இடைவெளி விட்டுவிட்டார்கள், அந்த இடைவெளி வழியாகக் கூண்டுக்காரனின் குரல் வந்தது. முதலில் அவன்தானா என்று சந்தேகமாக இருந்தது. மெலிந்து, ஈரமாக, ஒரு மாதிரி... "ஹி நெவர் டோல்ட் மீ, மேடம்?" ஏறியது. "தி ஹெல்ப்பர் டைட் இட் ராங்?" அதுவும் ஏறியது. "ஹி ஆல்வேஸ் ஆஸ்க்ஸ், மேடம், ஹி நெவர் டெல்ஸ்?" மூன்றும் மொட்டை மாடி. அவனுக்கு உடம்பெல்லாம் சூடாயிற்று, சிரிப்பு வயிற்றில் உருண்டு மேலே வந்தது, எழுந்து நின்றுவிட்டான். அடேய் கூண்டுக்காரா, கேக்குறியா சொல்றியா. இதைப் பதினாலு வாக்கி டாக்கியிலும் போட்டுக் காட்ட வேண்டும், சாப்பாட்டு நேரத்தில் போட வேண்டும், தினமும் போட வேண்டும், அட்டைப்பெட்டியோடு நடக்கிறபோது பின்னாலேயே போட வேண்டும், நெவர் டோல்ட் மீ மேடம்ம்ம், நாலு நாட்டுக்காரனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வேண்டும், பேரை மாற்றி வைக்க வேண்டும், இனிமேல் நீதானடா கேள்விக்குறி... குளிர்ந்த தண்ணீரைக் காகிதக் கோப்பையில் பிடித்து ஒரே மடக்கில் குடித்தான். இவ்வளவு ருசியான தண்ணீர் அவன் குடித்ததில்லை. திரும்பி உட்கார்ந்தான். இன்னொரு தடவை ஏறியது குரல். ஏன் ஏறுகிறது? கூண்டுக்காரன் பள்ளிக்கூடத்திலேயே ஆங்கிலம் படித்தவன், கூண்டுக்குள்ளிருந்து பேசினால் ஒவ்வொரு வாக்கியமும் தடால் தடாலென்று விழும். அப்படிப்பட்டவனுக்கு பாஷை தெரியாமலா ஏறுகிறது? இல்லை. இது வேறு. இது... தரைக்கல்லை வரிசையில் நின்று கைமாற்றுகிற மாதிரி. லாரியிலிருந்து கடைசி ஆள்வரை, ஒவ்வொருத்தனும் கொடுக்கிறபோது கல்லைக் கொஞ்சம் மேலே தூக்கிக் கொடுப்பான், அப்போதுதான் வாங்குகிறவன் கை அடியில் போகும், போனதும் இவன் கை சும்மாவாகிவிடும். மேடம், இந்தாங்க, இது என் கையில் இல்லை, நீங்க பிடிச்சுக்கோங்க. அதற்குத்தான் தூக்குகிறான். இவனுக்கு அது நன்றாக விளங்கியது. அந்தத் தூக்கலைத் தொண்டைக்குள் தொட்டுப் பார்த்த மாதிரி விளங்கியது. எப்படி இவ்வளவு நன்றாக...

போதும். அதை விடு. ஸ்லிங் வாஸ் கட். இறங்கு. ஐ டோல்ட் ஹிம். இறங்கு. ஆஸ்பத்திரியில் மச்சினன் என்ன சொன்னான், அதை நினைக்கக்கூடாது என்று வைத்திருந்தான், இருபத்தாறு நாளும் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தான், இப்போது அது தானாக நடந்து வந்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. மயக்கம் தெளிந்த அன்று, போர்வை ஒரு பக்கம் மட்டும் மேடாக இருந்த கட்டிலில், "மாமா, நீங்க வாக்கி டாக்கியில சொன்னது எனக்கும் கேட்டுச்சு." கேட்டுச்சா, அப்புறம் ஏன்டா விலகல என்று இவன் கேட்டான். "நீங்க சொன்ன விதத்த வச்சு, உங்களுக்கே நிச்சயமில்ல போலன்னு நினச்சேன். அப்புறம் உங்க கையப் பாத்தேன். தூக்குன்னு காட்டினீங்க. சரி, மாமா பாத்துக்கிட்டாருன்னு நின்னுட்டேன்." மச்சினன் குற்றமாகச் சொல்லவில்லை, மழை பெய்தது என்று சொல்கிற மாதிரி சொன்னான், அதற்கப்புறம் மனைவி உள்ளே வந்துவிட்டாள், வந்ததும் கூண்டுக்காரனைத் திட்ட ஆரம்பித்தாள், இவனும் சேர்ந்து திட்டினான், உரக்கத் திட்டினான், நர்ஸ் வந்து வெளியே போகச் சொல்கிறவரை... கை. கிரேன் ஓட்டுகிறவன் நாற்பதடி உயரத்தில், காதில் சத்தத்தை அடைக்கிற மூடியோடு உட்கார்ந்திருப்பான், வாக்கி டாக்கியும் கிடையாது, ஆங்கிலமும் தெரியாது, தமிழும் தெரியாது. அவனுக்குக் கூண்டுக்காரன் யார்? அவன் பார்ப்பது ஒன்றே ஒன்று, கீழே நிற்கிற இவனுடைய கை. சுட்டுவிரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்குவான். இரண்டு கையையும் அகல விரித்தால் நிறுத்துவான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்தது, நிறுத்து என்கிற சைகையை யார் வேண்டுமானாலும் காட்டலாம், தரை கூட்டுகிறவர் காட்டினாலும் கிரேன் நிற்கும், எந்த மேலாளரையும் கேட்க வேண்டாம். விரித்த கையில் ஏற்றமும் கிடையாது இறக்கமும் கிடையாது. அதைக் கேள்வி என்று சொல்லி எவனும் சிரிக்க முடியாது. பதினாலு வாக்கி டாக்கியும் சிரித்துக்கொண்டிருந்தபோது அவன் இரண்டு கையும் எங்கே இருந்தது? ஒன்றில் வாக்கி டாக்கி. இன்னொன்று... முகமெல்லாம் எரிய, இந்தச் சிரிப்பு நின்றால் போதும் என்று, லிஃப்ட் என்று கூண்டுக்காரனே சொல்லிவிட்டான், இனி அவன் பாடு என்று... இல்லை. கூண்டுக்காரன்தான். கூண்டுக்காரன் சொன்னான், இவன் செய்தான். சொன்னவன்தான் பொறுப்பு. இருபத்தாறு நாளாகத் தொண்டையைப் பழக்கினான், கையைப் பற்றி ஒரு நாள்கூட... குனிந்து பார்த்தான். விரல் மறுபடி சுழன்றுகொண்டிருந்தது. இடது கையால் அதைப் பிடித்து வைத்துக்கொண்டான், அடுத்தவன் விரலைப் பிடிக்கிற மாதிரி.

கதவு திறந்தது. கூண்டுக்காரன் வெளியே வந்தான், கழுத்துப்பட்டை தளர்ந்து, நெற்றி வேர்த்து, ஏசி அறைக்குள்ளிருந்து வருகிறவனுக்கு வேர்வை. இவனைப் பார்த்ததும் நின்றான். "என்னய்யா, ஒழுங்கா சொல்லுவியா" என்றான் தமிழில், குரலைத் தாழ்த்தி, அது மிரட்டலா கெஞ்சலா என்று தெரியவில்லை. "நீங்களே உள்ள நல்லாக் கேட்டீங்களே சார்" என்று இவன் சொன்னான். கூண்டுக்காரனுக்கு முதலில் புரியவில்லை, அப்புறம் புரிந்தது, முகம் கன்றிச் சிவந்தது, அந்தச் சிவப்பை இவன் ஆசை தீரப் பார்த்தான், வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் காட்ட வேண்டும் போலிருந்தது. அலுவலகப் பெண், "அண்ணே, வாங்க" என்றாள். உள்ளே போனான். நாற்காலி, மேசை, மேசைமேல் காகிதம், நரைத்த தலை, கண்ணாடி. உட்காரச் சொன்னார்கள். என்ன நடந்தது என்று அந்த அம்மாள் கேட்டாள், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. அவன் மூச்சை இழுத்தான், மாடிப்படியின் மேல்படியில் நின்றான், அடுப்படி, துண்டு எங்கே, இறங்கினான். "தி ஸ்லிங் வாஸ் கட். ஐ டோல்ட் ஹிம்." இறங்கியது. கடைசிப் படியில் கால் வைத்து நின்றது. மூன்று பாளத்தையும் சேர்த்துத் தரையில் வைத்தாற்போல் மேசை நடுவில் உட்கார்ந்தது, யாராலும் அசைக்க முடியாது, அந்த அம்மாள் தலையை அசைத்து அதை அப்படியே எழுதிக்கொண்டாள், பேனா கீறுகிற சத்தம் கேட்டது, கதவுக்கு வெளியே நிற்கிற கூண்டுக்காரனுக்கும் அது கேட்டிருக்கும். முடிந்தது. இருபத்தாறு நாள். எழுந்திருக்கலாம் என்று நாற்காலிக் கையைப் பிடித்தான். அந்த அம்மாள் தாளைத் திருப்பினாள். "ஒன் மோர் கொஸ்டின்" என்றாள். "ஹூ கேவ் தி சிக்னல் டு லிஃப்ட்?"

இந்த வாக்கியத்துக்கு அவன் பழகவில்லை. வலது கை மேசைக்கு அடியில், தொடையின்மேல், அசையாமல் இருந்தது. மஞ்சள் பட்டை, நூல் நூலாக, கருப்புக் கல்லில் தன் முகம், கல்லுக்கு அந்தப் பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தன் கையையே பார்க்கிற இரண்டு கண். கூண்டுக்காரன் என்று சொல்லலாம், லிஃப்ட் என்று சொன்னது அவன்தானே, அது பொய்யில்லை. சொல்லலாம்... "மீ, மேடம்" என்றது வாய். ஒரே ஒரு சொல், அதன் பின்னால் மரியாதைக்கு இன்னொன்று. அது இறங்கியதா, மேலே போய் நின்றதா? காதைக் கூர்மையாக்கிக்கொண்டு காற்றில் அதைத் தேடிப் பார்த்தான், அகப்படவில்லை. அந்த அம்மாள் பேனாவைத் தாளில் வைத்தவள் எழுதாமல் நிமிர்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவன் ஏதோ கேட்டிருக்கிறான், தான்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதைப் போல.